கேள்வி போட்டவர் மனம்

எண் தொடர் நடத்துவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். போர்டில் நாலு எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டால் தூங்கி வழிகிற பிள்ளைகள்கூடக் கொஞ்சம் நிமிர்வார்கள். ஒருமுறை 3, 5, 7 என்று எழுதி அடுத்தது என்ன என்று கேட்டேன். முந்தின நாள்தான் பகா எண்களை நடத்தியிருந்தேன். பதினொன்று என்று வரும் எனக் காத்திருந்தேன். வகுப்பே சேர்ந்து "ஒம்பது மிஸ்" என்றது. என்ன விதி என்று கேட்டேன். "கொலுப்படி மிஸ்" என்றாள் முதல் பெஞ்சில் ஒருத்தி. நவராத்திரிக்கு முந்தின வாரம் அது. அவளை என்ன செய்ய முடியும்? அதுவும் சரிதான் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

அதுவும் சரிதான் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவள் என் நாத்தனார்.

அவள் என் கணவரின் ஒரே தங்கை. என்னைவிட ஆறேழு வயது சின்னவள். ஜீயபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷமாகியிருந்தது. குழந்தை இல்லை. என் மாமனாரும் மாமியாரும் காலமாகிவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நாங்கள்தான். ஒரு தை மாதம் போன் செய்தாள். "குரூப் ஃபோர் எழுதலாம்னு இருக்கேன் அண்ணி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கோச்சிங் கிளாஸ்ல சேரப்போறேன். பரீட்சை முடியற வரைக்கும் அங்க வந்து இருக்கட்டுமா?"

என் கணவர் அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர். ஒரு இரும்புத் தகட்டை வெட்டுவதற்கு முன் நாலு தடவை அளக்கிறவர். தங்கை விஷயத்தில் மட்டும் டேப்பைக் கையிலேயே எடுக்கமாட்டார். போனை என்னிடமிருந்து வாங்கி, "இதெல்லாம் ஒரு கேள்வியா பாப்பா, கிளம்பி வா" என்று முடித்துவிட்டார். எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்ததால் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது.

நாத்தனார் வந்து தங்கினால் வீடு இரண்டுபடும் என்று ஸ்டாஃப் ரூமில் என்னைப் பயமுறுத்தினார்கள். வந்தது என்னவோ வேளாவேளைக்குக் காபிதான். நான் பள்ளிவிட்டு வருவதற்குள் பாத்திரம் கழுவி, துணி மடித்து, மாவாட்டி வைத்திருப்பாள். இப்படி வேலை செய்தால் எப்போது படிப்பாய் என்று நான்தான் கத்தவேண்டியிருந்தது. நான் கத்தினால் அவள் சட்டென்று வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். எனக்குக் கோபம் வருவதும் போவதும் ஒன்றாக நடக்கும்; பால் பொங்குகிற மாதிரி, ஊதினால் அடங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கு மட்டும் அது அடங்கிவிட்டது என்று நம்பிக்கை வர வெகுநேரம் ஆகும்.

இன்னொன்றும் கவனித்தேன். சாயங்காலம் வாசலில் என் கணவரின் வண்டி வந்து நின்றால் அவள் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிடுவாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் அணைப்பாள். வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டபிறகுதான் மறுபடி போடுவாள். அண்ணன்மேல் அவ்வளவு மரியாதையா என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

படிப்பில் அவள் மண்டு அல்ல. தமிழ்ப் பகுதியில் எதைக் கேட்டாலும் சொல்வாள். வரலாறு, புவியியல் எல்லாம் யூடியூபில் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டாள். கணக்கிலும் வட்டி, விகிதம், பரப்பளவு வரை ஓடிவிடும். எண் தொடர் வந்தால் மட்டும் வண்டி நின்றுவிடும். கோச்சிங் கிளாஸில் வாராவாரம் வைக்கும் மாதிரித் தேர்வில் அந்தப் பகுதியையே தொடாமல் வந்திருந்தாள். வீட்டிலேயே கணக்கு டீச்சரை வைத்துக்கொண்டு இப்படியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே உட்காரவைத்தேன்.

சுலபமாக ஆரம்பிக்கலாம் என்று 2, 4, 8 எழுதினேன். அடுத்தது என்ன?

"பதினாறு" என்றாள். நான் அடுத்ததை எழுதப்போனேன். "பதினாலாவும் இருக்கலாம் அண்ணி" என்றாள். எப்படி என்றேன். முதலில் இரண்டு கூடியிருக்கிறது, பிறகு நாலு கூடியிருக்கிறது, அடுத்து ஆறு கூடலாம் இல்லையா என்றாள். அதுவும் சரிதான். நான் வாயைத் திறப்பதற்குள், "பத்தாவும் இருக்கலாம். ரெண்டு கூட்டி நாலு கூட்டி, திரும்ப ரெண்டு கூட்டினா" என்றாள்.

"பரீட்சையில ஒரு விடைதாம்மா கேப்பாங்க" என்றேன்.

"அதான் அண்ணி. அவர் மனசுல எது இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"எவர் மனசுல?"

"கேள்வி போட்டவர்."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் கேள்வி போட்டவரைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். இவள் எண்ணுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்தாள். 1, 4, 9, 16 கொடுத்தேன். இருபத்தைந்து என்று உடனே வாயில் வந்தது, உடனே அதை விழுங்கிவிட்டாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "இவ்வளவு சுலபமா இருக்காதுல்ல. சுலபமா இருந்தா ஏதோ இருக்கும்" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபத்தைந்தேதான், வேறு ஒன்றும் இல்லை, எழுதித் தொலை என்று கத்தினேன். எழுதினாள். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இப்படியே சில வாரங்கள் போயின. விதி கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இவள் எதற்கும் மூன்று விதி கண்டுபிடிக்கிறாள், எதையும் நம்பமாட்டேன் என்கிறாள். இதற்கு எந்த கைடிலும் மருந்து இல்லை.

மொச்சை வரத்து முடியப்போகிற சமயம் ஒரு சனிக்கிழமை மதியம். காந்தி மார்க்கெட்டிலிருந்து என் கணவர் ஒரு பை மொச்சைக்காய் வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். ஹாலில் பேப்பரை விரித்து இருவரும் உரித்துக்கொண்டிருந்தோம். கை வேலை செய்யும்போது வாய் சும்மாதானே இருக்கிறது என்று ஒரு தொடரைச் சொன்னேன்: 6, 11, 9, 14, 12. ஐந்து கூட்டு, இரண்டு கழி, ஐந்து கூட்டு, இரண்டு கழி. பதினேழு வரவேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே கொஞ்சம் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவார்கள்.

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு நெசமாவே விதி இருக்கா அண்ணி? இல்ல, சும்மா போட்டிருக்காங்களா?"

"விதி இல்லாம யாராச்சும் கேள்வி போடுவாங்களா?"

"போடுவாங்க அண்ணி."

அவள் சொன்ன விதத்தில் என் கையும் நின்றுவிட்டது. அவளே சொன்னாள், மொச்சையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

"நான் அங்க இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். மொதல்ல, கடையில வசூல் ஆகாத நாள்லதான் அடிக்கறாருன்னு நெனச்சேன். ரெண்டு மூணு தடவை அது சரியா வந்துச்சு. அப்புறம் நல்லா வசூலான அன்னிக்கு அடிச்சாரு. சரி, குழம்புல உப்புக் காரம்னு பார்த்தேன். அளந்து அளந்து போட்டேன். அதுவும் கொஞ்ச நாள் சரியா வந்துச்சு. அண்ணா போன் பண்ற அன்னிக்கா, நான் சிரிக்கற அன்னிக்கா, பேசாம இருக்கற அன்னிக்கா, அமாவாசையா, மேட்சுல தோத்த அன்னிக்கா, எல்லாம் பார்த்துட்டேன். வண்டி ஸ்டாண்டு போடற சத்தத்தை வச்சுக்கூடச் சொல்லிடலாம்னு நெனச்சேன். ஒவ்வொண்ணும் கொஞ்ச நாள் நிக்கும் அண்ணி. அப்புறம் ஒடைஞ்சிடும். நான்தான் ஏதோ ஒண்ணைக் கவனிக்காம விட்டுட்டேன்னு திரும்ப மொதல்லேருந்து பார்ப்பேன்."

அந்த மனிதரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைப்பார். பேச்சில் ஒரு அதிர்வு இருக்காது. இந்தப் பெண் ஒன்பது வருஷமாக அவர் எதிரில் நின்று அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். உடனே என் கணவருக்குப் போன் செய்கிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாகிட்ட வேண்டாம் அண்ணி. சத்தியமா வேண்டாம்." ஏன் என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையை உதறிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுபடி உட்கார்ந்து ஒரு மொச்சைக்காயை எடுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். டீச்சருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"இதைக் கேளும்மா. பரீட்சைக்குக் கேள்வி போடறவரும் மனுஷன்தான். ஆனா அவர் ஒளிச்சு வைக்கறதே நீ கண்டுபிடிக்கணும்னுதான். நாலு எண்ணு குடுக்கறாருன்னா, நாலு தடயம் குடுக்கறாருன்னு அர்த்தம். உன்னை மாட்டிவிட இல்ல. நீ கண்டுபிடிச்சா அவருக்குச் சந்தோஷம். நான் போடற கேள்வியும் அப்படித்தான்."

அவள் அழுதாள். அதுவரை சொன்னது எதற்கும் அழவில்லை, இதற்கு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினேழு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த காயை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எண் தொடர் வர ஆரம்பித்தது. முதலில் தோன்றும் விதியை நம்பி எழுதப் பழகினாள். தப்பானால் தப்பு, வானம் இடிந்து விழாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்கிடையில் ஜீயபுரத்திலிருந்து போன் வருவது அதிகமாயிற்று. அவள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவர் தன் தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கையில் இரண்டு சீப்புப் பூவன்பழம். என் கணவருக்கு ஒன்றும் தெரியாதே, "வாங்க மாப்பிள்ளை, வாங்க மாமா" என்று ஓடிப்போய்ச் செருப்பைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்தார். நான் காபி போட உள்ளே போனேன். அடுப்படி வாசலில் நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

மாமா கெட்டவர் அல்ல. வாழைத்தோப்பும் நாலு பேரிடம் மரியாதையும் உள்ளவர். காபியைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "ஜீயபுரத்துலேருந்து திருச்சி என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினா கொஞ்ச நேரம். வீட்டுல இருந்துக்கிட்டே கிளாஸுக்குப் போயிட்டு வரட்டும். பையன் ஓட்டல்ல தின்னுக்கிட்டுக் கெடக்கான். போனு பண்ணா எடுக்கறதில்லையாம். ஏதோ சின்ன மனஸ்தாபம், பேசினாத் தீராதா?"

என் கணவர் சண்டை சச்சரவு என்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறவர். "நீங்க சொல்றதும் நியாயந்தான் மாமா" என்றார். தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, "நல்ல நாள் பார்த்து நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்றார். சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா அத்தோடு விட்டிருக்கலாம். நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் ஒரு பழமொழியையும் சேர்த்துவிட்டார். "குடும்பம்னா அப்படித்தான் தம்பி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை."

"கன்னத்துல அறையறதுக்கு ஒரு கையே போதுங்க" என்றேன்.

சத்தியம் போயிற்று. என் கணவர் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியாகத் தங்கையைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மாமா மட்டும், "ஏம்மா, என்ன பேச்சு இது" என்று ஆரம்பித்துவிட்டு, பக்கத்தில் மருமகன் குனிந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாத்தனார் அடுப்படி வாசலைவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தாள். தன் கணவரிடம் நேராகப் பேசினாள்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எதுக்கு அடிப்பீங்கன்னு சொல்லுங்க. நான் எப்படி இருந்தா அடி விழாது? அது நியாயமோ அநியாயமோ பரவாயில்ல. ஒரு காரணம் சொல்லுங்க. சொன்னீங்கன்னா இப்பவே கிளம்பறேன்."

காரணம் சொல்வது என்ன பெரிய காரியமா? எதிர்த்துப் பேசினாள் என்று சொல்லலாம். பொய்யாவது சொல்லலாம். அவள் சொன்ன சொல் தவறமாட்டாள், பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய்விடுவாள். ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அடி விழாமல் வாழ்ந்துவிடலாம் என்று நம்புகிறாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் திரும்பவில்லை.

"சொல்லேன்டா" என்றார் மாமா, தணிந்த குரலில். "ஏதோ ஒண்ணைச் சொல்லு."

மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அன்று அவர் பொய் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடவேண்டும்.

"தெரியல" என்றார். "வந்துடுது. கோவமே இல்லாத அன்னிக்குக்கூட வந்திருக்கு. நீ ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப நான் வரலங்க" என்றாள்.

மாமா எழுந்தார். அவளிடம் போய், "இருந்து படி தாயி" என்று சொல்லிவிட்டு மருமகனின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனார். பழத்தை மறந்துவிட்டார்கள். அதைத் தெருவில் போன மாட்டுக்குக் கொடுத்தேன். மாட்டுக்கு அதில் என்ன பகை?

அவள் அந்த வருஷம் தேறவில்லை, அடுத்த முறைதான் தேறினாள். இப்போது மணப்பாறைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், தனியாக வீடு எடுத்திருக்கிறாள். அந்தக் கதையெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. என் மனதில் தங்கியிருப்பது அன்றைக்கு அவர்கள் போனபிறகு நடந்ததுதான்.

என் கணவர் வாசற்கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "ஒன்பது வருஷம் பாப்பா. வாராவாரம் போன் பண்றேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்தாள்.

"சொல்லியிருந்தா, ஏன் அடிச்சாருன்னு கேட்டிருப்பே அண்ணா" என்றாள். "எனக்கு அது தெரியலையே."